அல்சூர் வீட்டுப் பரணில் கிடைத்த தோட்டாப் பெட்டிகள்: வயதைக் கணித்ததும், சுடலாமா என்று முடிவெடுத்ததும்

பின்னணி

பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டுச் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. வீடு பெங்களூரு அல்சூரில். கோலார் தங்கவயலில் மூன்று தலைமுறை வாழ்ந்த தமிழ்க் குடும்பம். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டதும் தட்டுமுட்டுச் சாமான்களோடு இங்கே வந்துவிட்டார்கள். அப்போது வந்த ஒரு இரும்பு ட்ரங்குப் பெட்டி, சமையலறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழிருந்த பரணில் ஏறியது. அதன் பிறகு அதை யாரும் இறக்கவில்லை.

தாத்தா சுரங்க அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். அவரிடம் பர்மிங்ஹாமில் செய்த 12 போர் (போர் என்பது குழலின் துளை அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் வாங்கியது என்பது வீட்டுப் பேச்சு. 1990களில் அவர் இறந்ததும் மகன் துப்பாக்கியை மட்டும் ஒரு ஆயுதக் கடையில் முறைப்படி ஒப்படைத்தார். பிறகு பேரன், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கு உள்ள வழியில் லைசென்ஸ் வாங்கி அதை மீட்டுக்கொண்டார். துப்பாக்கிக்கான காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. தோட்டாக்களைப் பற்றி எந்தக் கட்டத்திலும் யாரும் பேசவில்லை. அவை இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

நகருக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் நான் உதவி செய்கிறேன். பேரனுக்கு என்னை அங்கேதான் பழக்கம். பரணிலிருந்து ட்ரங்கை இறக்கித் திறந்த அன்று மாலை அவர் அழைத்தார். "அண்ணா, தாத்தாவோட தோட்டா நிறைய இருக்கு. ஞாயித்துக்கிழமை ரேஞ்சுக்கு எடுத்துட்டு வரட்டுமா?"

எடுத்து வர வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், குழந்தைகள் அந்த அறைப் பக்கம் போக வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட வேண்டாம் என்று சொன்னேன். மறுநாள் நேரில் போனேன்.

ட்ரங்கில் இருந்தவை

மேலே பழைய கம்பளி, ஒரு தோல் பெல்ட், கோயில் சீட்டுகள். அடியில் மூன்று விதமான சரக்கு இருந்தது.

முதலாவது, இங்கிலாந்தின் ஈலி-கைனாக் கம்பெனியின் கிராண்ட் ப்ரீ தோட்டாக்கள் இருபத்தைந்து கொள்ளும் அட்டைப் பெட்டி. மூடியில் சந்தனமும் குங்குமமும் பல அடுக்காகக் காய்ந்திருந்தன. இரண்டாவது, புனே அருகே கிர்க்கி தொழிற்சாலையில் (இப்போது அதைக் கட்கி என்கிறார்கள்) தயாரான 12 போர் தோட்டாக்கள் இரண்டு பெட்டி. காகித ஒட்டு கிழியாமல் இருந்தது. மூன்றாவது, பிஸ்கட் டின் ஒன்று நிறைய உதிரிகள்.

பேரனின் அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. கிராண்ட் ப்ரீ பெட்டியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது சீமைச் சரக்கு சார், கெடவே கெடாது. 1947ல வெள்ளைக்காரன் போகும்போது அப்பாகிட்ட கொடுத்தது" என்றார். பேரனின் கணக்கு வேறு மாதிரி. பழசு எல்லாமே ஆபத்து, மொத்தமாகக் கொடுத்துவிடலாம், அல்லது ஒன்றிரண்டு சுட்டுப் பார்த்து வேலை செய்தால் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டில் எதையும் அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. வயது தெரியாமல் நல்லது கெட்டது பேச முடியாது. வயது தெரிந்தால் மட்டும் போதுமா என்பதும் அடுத்த கேள்வி.

பெட்டியின் வயது

கிராண்ட் ப்ரீ பெட்டியில் தயாரித்த ஆண்டு அச்சிடப்படவில்லை. இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. ஆண்டு இல்லாத பெட்டிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் எல்லை கட்ட வேண்டும்: இதற்கு முன் இருக்க முடியாது, இதற்குப் பின் இருக்க முடியாது என்று.

பக்கவாட்டு லேபிளில் ஈலி-கைனாக்கின் தாய்க் கம்பெனியான இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயர் இருந்தது. அந்தக் கம்பெனி 1926 கடைசியில் உருவானது. அதன் உலோகப் பிரிவு 1962இல் இம்பீரியல் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்று தனிப் பெயர் பெற்றது. ஆக லேபிள் மட்டும் சொல்வது 1926க்கும் 1962க்கும் இடையே. முப்பத்தாறு வருடம் என்பது பெரிய இடைவெளி.

அதைச் சுருக்கியது கம்பெனி அச்சு அல்ல, கடைக்காரர் ஒட்டிய சீட்டு. பெங்களூர்க் கடை ஒன்றின் சீட்டில் விலை ரூபாய், அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) என்று மூன்று கட்டத்தில் எழுதியிருந்தது. இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணயம் வந்தது. அதன் பிறகு சில வருடம் எல்லோரும் நயா பைசா என்று எழுதினார்கள். 1964இல் 'நயா' போனது. அணாவில் விலை போட்ட பெட்டி, பெரும்பாலும் 1957க்கு முன் அந்தக் கடையின் அலமாரியில் இருந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் கிடைக்கும் பழைய பெட்டிகளுக்கு இந்த மாதிரித் துணைச் சான்றுகள் நிறைய உண்டு. வெளிநாட்டில் எழுதப்பட்ட சேகரிப்பாளர் வழிகாட்டிகளில் இவை இருக்காது. கடை முத்திரையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. மாநிலத்தின் பெயர் மைசூர் என்றிருந்தால் 1973 நவம்பர் 1க்கு முந்தையது, கர்நாடகா என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று போட்டிருந்தால், அந்தப் பகுதி ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த 1947க்கு முந்தைய காலத்தை நினைக்கலாம். ஆனால் நினைக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அச்சடித்த லேபிளைக் கடைக்காரர் தீரும் வரை ஒட்டுவார். பெயர் மாறிய மறுநாளே குப்பையில் போட மாட்டார். அதனால் இந்தச் சான்றுகளில் ஒரு பக்க எல்லை உறுதியானது, மறுபக்க எல்லை கொஞ்சம் இளகியது. அஞ்சல் குறியீடு 1972க்கு முன்னால் இருக்கவே முடியாது. மைசூர் என்ற பெயரோ 1974இலும் ஒட்டப்பட்டிருக்கலாம்.

துப்பாக்கியையும் பார்த்தேன். குழலின் அடியில், துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்துச் சான்று தரும் பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் முத்திரை இருந்தது. தோட்டா அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) நீளம் இரண்டரை அங்குலம், ரவையின் (தோட்டாவுக்குள் நிரப்பும் ஈயக் குண்டுமணிகள்) எடை ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் என்று அதில் குறித்திருந்தது. 1954 முதல் அங்கே அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று பொறிக்கத் தொடங்கினார்கள். இதில் டன் கணக்கு இல்லை. எனவே துப்பாக்கி அதற்கு முந்தையது. தங்கவயல் சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. இன்ஜினியர் அந்தச் சமயத்தில் கிளம்பியவராக இருந்தால் அணாச் சீட்டும் துப்பாக்கியும் வீட்டுப் பேச்சும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 1947 என்பது பெரியவர் பிறப்பதற்கு முன் நடந்த கதை. அவர் காதில் விழுந்ததை அவர் சொன்னார், அவ்வளவுதான்.

கிர்க்கி பெட்டிகளுக்கு இவ்வளவு துப்பறியத் தேவையில்லை. தொகுதி எண்ணும் 1983 என்ற ஆண்டும் அச்சாகியிருந்தன. கடை முத்திரையில் கர்நாடகாவும் 560இல் தொடங்கும் குறியீடும் இருந்தன. இவற்றையெல்லாம்விட நல்ல சான்று ட்ரங்கின் மூடிப் பையில் இருந்தது: தாத்தாவின் ரத்தான லைசென்ஸ் புத்தகம். தோட்டா வாங்கும்போதெல்லாம் கடைக்காரர் அதில் தேதியும் எண்ணிக்கையும் எழுதி முத்திரை வைத்திருந்தார். 1984இல் ஒரு வரவு. பெட்டியிலிருந்த எண்ணிக்கையும் அதுவும் ஒத்துப்போயின. பழைய தோட்டாவின் வயதைக் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இந்தப் புத்தகத்தைத்தான். குங்குமப் பெட்டிக்கு அதில் வரவே இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு தொடங்கிய புத்தகம் அது.

பெட்டிக்குள் இருந்தது வேறு

இதுவரை கணித்தது பெட்டிகளின் வயதை மட்டும். கிராண்ட் ப்ரீ பெட்டியைத் திறந்ததும் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது.

தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடிப் பித்தளையில் உள்ள எழுத்தைப் படித்து வரிசையாக வைத்தோம். பாதிக்கு மேல் ஈலி-கைனாக் முத்திரை. காகிதக் குழல், வாயில் வட்ட அட்டை வைத்து ஓரத்தை உருட்டி மடித்தவை. அட்டையில் 6 என்று ரவையின் அளவு அச்சாகியிருந்தது. இவை பெட்டிக்கு உரியவை. மற்றவற்றில் சில கிர்க்கி. அப்புறம் நான்கைந்து வெளிநாட்டு பிளாஸ்டிக் குழல் தோட்டாக்கள். பிளாஸ்டிக் குழல் சந்தைக்கு வந்தது 1960இல்தான். அணாச் சீட்டு ஒட்டிய பெட்டிக்குள் அவை பிறந்திருக்க முடியாது. தாத்தா காலியான இடங்களைக் கையில் கிடைத்ததைக் கொண்டு நிரப்பியிருக்கிறார். வேட்டைக்குப் போய் வந்தவர் மீதியை எந்தப் பெட்டியில் இடம் இருக்கிறதோ அதில் போடுவது இயல்புதான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேலையும் நின்றுபோனது, பெட்டி அப்படியே தங்கிவிட்டது.

இந்த நிகழ்வில் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். பெட்டி சொல்லும் வயது, உள்ளே இருக்கும் தோட்டாவின் வயது என்று எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், இரண்டும் பிரியாமல் இருந்தன என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். கிர்க்கி பெட்டிகளுக்குக் கிழியாத ஒட்டும் லைசென்ஸ் வரவும் ஆதாரம். கிராண்ட் ப்ரீ பெட்டிக்கு அப்படி எதுவும் இல்லை. ஈலி முத்திரை உள்ளவைகூட ஒரே தொகுதியைச் சேர்ந்தவையா என்று சொல்ல வழியில்லை.

தோட்டாக்களின் நிலையும் பார்த்தோம். ஈலி தோட்டாக்கள் பலவற்றில் காகிதக் குழல் ஈரம் குடித்து உப்பியிருந்தது. பித்தளை அடியில் நடுவில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் கேப்பைச் சுற்றிக் கறுத்த வளையம். பெரியவரிடம் கேட்டதற்கு, ஆயுத பூஜைக்கு வருடா வருடம் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடும்போது தோட்டாக்களின் அடிக்கும் அப்பா எண்ணெய் தடவுவார், பித்தளை பளபளவென்று இருக்க வேண்டும் என்பார் என்றார். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண்ணெய் கேப்பின் ஓரமாக இறங்கினால் உள்ளே உள்ள கலவை செத்துப்போகும். சில தோட்டாக்கள் வெடிக்காது, சில தாமதமாக வெடிக்கும். இரண்டாவது வகைதான் மோசம்.

ஒன்றிரண்டில் பித்தளைக்கும் காகிதத்துக்கும் இடையே பச்சையும் செம்பழுப்புமாக உள்ளிருந்து கசிந்த கறை. புகையில்லா வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது காலப்போக்கில் தானே சிதைந்து அமில வாயுவை விடும். அதைப் பிடித்துவைக்க டைஃபீனைல் அமீன் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்த்திருப்பார்கள். அது தீர்ந்த பிறகு அமிலம் மருந்தையும் பித்தளையையும் தின்னத் தொடங்கும். வெப்பம் ஏற ஏற இந்த வேலை வேகமெடுக்கும். பெங்களூரு மேட்டுநிலம், பொதுவாகக் குளிர்ச்சி. அதை நம்பித்தான் பெரியவர் கெடாது என்றார். ஆனால் தோட்டா இருந்தது பெங்களூருவின் வெயிலில் காயும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சமையலறை ஆவி ஏறும் பரணில். ஊரின் தட்பவெப்பத்தை வைத்துப் பேசிப் பயனில்லை.

எதையும் நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதனால் எதுவும் தெரியாது.

பிஸ்கட் டின்

டின்னில் இருந்த உதிரிகளில் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டியவை.

ஒன்று, இரண்டு 20 போர் தோட்டாக்கள். 12 போர் குழல் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர் அகலம், 20 போர் 15.6. பதற்றத்திலோ இருட்டிலோ 20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கியில் போட்டால் அது அறைக்குள் நழுவிப் போய், அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து சட்டென்று பார்த்தால் அறை காலியாகத் தோன்றும். மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 போர் ஒன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை போகும். துப்பாக்கி விபத்துகளில் பழையதும் அடிக்கடி நடப்பதும் இது. பெரியவருக்கு இதைச் செய்துகாட்டாமல் வாயால் சொன்னேன். அதன் பிறகு அவர் 'கெடாது' என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு, ஒரு 303 ரக ராணுவத் தோட்டா. அதன் அடியில் கிர்க்கியின் எழுத்துகளும், 43 என்ற ஆண்டும், ரோமன் எண்ணில் ஏழும் தெளிவாகப் பொறித்திருந்தன. ட்ரங்கு முழுவதிலும் வயது கணிக்க அரை நிமிடம்கூடத் தேவைப்படாதது இது ஒன்றுதான். ராணுவத் தோட்டாக்களில் அடியிலேயே ஆண்டு இருக்கும். தங்கவயலில் 1947 வரை ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர்களைக் கொண்ட துணைப்படை ஒன்று இருந்தது. அங்கிருந்து யாரோ கொண்டுவந்திருக்கலாம். அதன் கழுத்தில் மயிரிழை விரிசல்கள் ஓடின. இந்த விரிசலுக்கே இந்தியாவோடு ஒரு தொடர்பு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காலத்தில் இங்கே சேமித்த பித்தளைத் தோட்டாக்கள் காரணம் தெரியாமல் கீறல் விட்டன. பருவகாலத்தில் வந்ததால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். குதிரை லாயங்களிலிருந்து வந்த அம்மோனியாவும் ஈரமும் பித்தளைக்குள் இருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது.

மூன்று, ஒரு கைப்பிடி பாயிண்ட் 22 தோட்டாக்கள். இந்த வீட்டில் அந்த ரகத் துப்பாக்கி இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

சட்டம் முதலில்

பேரனின் லைசென்ஸில் இருப்பது ஒரே ஒரு 12 போர் துப்பாக்கி. அதை வைத்துக்கொண்டு பாயிண்ட் 22, 303 தோட்டாக்களைக் கையில் வைத்திருக்க முடியாது. 303 ராணுவ ரகம், பொதுமக்களின் சாதாரண லைசென்ஸுக்குள் வராதது. 12 போர் தோட்டாக்கள்கூட அவர் வாங்கியதாக எந்தப் பதிவும் இல்லை. தாத்தா இறந்த அன்றிலிருந்து அவை உரிமை இல்லாமல் அந்தக் குடும்பத்திடம் இருந்தவை. சுடலாமா என்பதற்கு முன்னால் இதைத் தீர்த்தாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தாலாவது முடிந்துபோன ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமில்லாமல் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவரோ, அவர் இறந்திருந்தால் சட்டப்படியான வாரிசோ, வைத்திருக்கத் தகுதி பெற்றவரானால் திரும்பப் பெறலாம்.

பெரியவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? பேசாமல் இரவில் ஏரியில் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு உறவினர் யோசனை சொன்னார். ஒரு வக்கீலைப் பார்த்தோம். கண்டெடுத்த நாள், கண்ட விதம், தாத்தாவின் பழைய லைசென்ஸ் எண், ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்ற பட்டியல் எல்லாம் சேர்த்து அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். தோட்டாக்களைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போகாமல், கடிதத்தோடு மட்டும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். போலீஸார் வீட்டுக்கு வந்து மஹஜர் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பதிவு) எழுதி எடுத்துப் போனார்கள். கேள்விகள் கேட்டார்கள், வீட்டு இடிப்பு ஒப்பந்தத்தைக் காட்டியதும் திருப்தியானார்கள். அங்கே வாங்கிய ஒப்புகைச் சீட்டில் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பேரன் அங்கேயே நின்று சரிபார்த்தது நல்ல காரியம்.

மூன்று வகைக்கு மூன்று முடிவு

பிஸ்கட் டின் முழுவதையும் திரும்பக் கேட்பதில்லை என்று முடிவாயிற்று. அதில் விவாதம் இல்லை.

கிராண்ட் ப்ரீ பெட்டியைப் பற்றித்தான் பேச்சு நீண்டது. ஒன்றிரண்டாவது சுட்டுப் பார்க்கலாமே என்று பேரன் கேட்டார். முதல் தோட்டா நன்றாக வெடித்தால் அது அடுத்ததைப் பற்றி எதையும் சொல்லாது, அவை ஒரே தொகுதி என்று தெரிந்தால்தானே சொல்லும் என்றேன். உப்பிய குழல், எண்ணெய் பட்ட கேப், உள்ளிருந்து வந்த கறை, கலந்துபோன சரக்கு. இவற்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் யோசித்திருக்கலாம். அவற்றையும் திரும்பக் கேட்கவில்லை. காலி அட்டைப் பெட்டியை மட்டும் பெரியவர் கேட்டார். தோட்டாக்களை எடுத்த பிறகு அதைக் கொடுத்துவிட்டார்கள்.

கிர்க்கி பெட்டிகளைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். ஒட்டு அப்படியே இருந்தது. வரவு இருந்தது. பெட்டியில் 65 மில்லிமீட்டர் என்று அச்சாகியிருந்தது, இரண்டரை அங்குல அறைக்கு அது பொருத்தம். எண்ணெய்க் கை அதில் படவில்லை. எதிராக இருந்தது பரணின் வெப்பம் ஒன்றுதான். அதன் விளைவை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

பல வாரங்கள் கழித்து அனுமதி வந்தது. ஒரு ஆயுதக் கடை வழியாக, பேரனின் லைசென்ஸில் எண்ணிக்கை எழுதப்பட்ட பிறகு பெட்டிகள் அவர் கைக்கு வந்தன.

சுடுதளத்தில்

தாத்தாவின் துப்பாக்கியில் சுடுவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். 1954க்கு முந்தைய குழலில், நிலை தெரியாத தோட்டாவைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. சுடுதளத்தில் இருந்த புதிய 12 போரை எடுத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒரு குழலில் ஒரே தோட்டா. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் துப்பாக்கியைத் திறந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கி வைத்தபடியே ஒரு முழு நிமிடம் காத்திருப்பது. கண்ணாடியும் காதடைப்பும் போட்டு, மற்ற எல்லோரும் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். ஏதாவது ஒரு தோட்டா மாறுபட்டால் அந்தத் தொகுதிக்கு அத்தோடு முற்றுப்புள்ளி.

கடைசி நிபந்தனை பேரனுக்குப் பிடிக்கவில்லை. "ஒண்ணு தப்பாப் போனா மீதி எல்லாம் வீணா அண்ணா?" ஆமாம் என்றேன்.

முதல் சில தோட்டாக்கள் சாதாரணமாக வெடித்தன. உதையும் சத்தமும் எதிர்பார்த்தபடி. காகிதக் குழல்களில் கருகிய ஓட்டை எதுவும் இல்லை. பேரனின் முகத்தில் தெளிவு வந்தது. அடுத்தது வெடித்தபோது சத்தம் மந்தமாக இருந்தது, உதையே இல்லை. ரவை சில அடி தூரத்தில் மண்ணில் உதிர்ந்தது. துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் குழலின் நடுவில் வெளிச்சம் மறைந்திருந்தது. மருந்துக்கும் ரவைக்கும் இடையில் வைக்கும் கம்பளித் தக்கை பாதி வழியில் நின்றுவிட்டது. பார்க்காமல் அடுத்த தோட்டாவைப் போட்டிருந்தால் புதிய துப்பாக்கியாக இருந்தாலும் அந்தக் குழல் தாங்கியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கோலால் தக்கையைத் தள்ளி எடுத்தோம். மருந்து முழுதாக எரியாமல் மஞ்சள் துணுக்குகளாக அதில் ஒட்டியிருந்தது. கேப் வலுவிழந்ததா, மருந்து ஈரம் குடித்ததா, மடிப்பு தளர்ந்து அழுத்தம் எழவில்லையா என்று பிரித்துச் சொல்ல அது போதாது. சோதனை அத்தோடு நின்றது. மீதியைப் பேரன் அதே கடையில் எழுதி ஒப்படைத்தார்.

எனக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்த ஒரே சரக்கு அது.

இனி மாற்றியவை

எங்கள் சுடுதளத்தில் வீட்டிலிருந்து வரும் தோட்டாவுக்கு இப்போது பெட்டியையும் லைசென்ஸ் வரவையும் சேர்த்துப் பார்க்கிறோம். உதிரியாக வந்தால் வயது எதுவானாலும் திருப்பி அனுப்புகிறோம். திறந்த பெட்டியில் இருப்பதை ஒவ்வொன்றாக அடியெழுத்துப் படித்த பிறகே உள்ளே விடுகிறோம். இதற்கு நேரம் பிடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சிலர் முணுமுணுக்கிறார்கள்.

வாரிசு லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களிடம், துப்பாக்கியை ஒப்படைக்கும் அன்றே வீட்டில் தோட்டா இருக்கிறதா என்று தேடச் சொல்கிறேன். இந்தக் குடும்பத்தில் 1990களிலேயே அதைச் செய்திருந்தால் கிர்க்கி பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு வருடச் சரக்காக, பரண் ஏறாமல், கடைக்குப் போயிருக்கும்.

தாத்தாவின் துப்பாக்கிக்குப் புதிய தோட்டா வாங்குவதில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் போடுவது, சுட்ட பிறகு வாய் விரிந்த குழலின் நீளம். அதனால் 70 மில்லிமீட்டர் தோட்டா சுடுவதற்கு முன் குட்டையாகத் தெரியும், இரண்டரை அங்குல அறைக்குள்ளும் சுலபமாகப் போய்விடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். 65 தோட்டா எல்லாக் கடையிலும் எப்போதும் கிடைப்பதில்லை. பேரன் துப்பாக்கியை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து அறையை அளக்கவும் குழலின் சுவரைப் பார்க்கவும் சொல்லியிருக்கிறார். அளவு வந்த பிறகுதான் எதை வாங்குவது, வாங்குவதா வேண்டாமா என்று பேச வேண்டும்.